லத்தி எடுப்பதற்கு முந்தைய பத்து நிமிடம்: போலீஸ் பலப்பிரயோகத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

ராத்திரி பத்து மணி, டாஸ்மாக் கடை அடைக்கிற நேரம். வாசலில் ஒருவர் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு யாரையோ திட்டிக்கொண்டு நிற்கிறார். ரோந்து பைக்கில் வந்த காவலர் வண்டியை விட்டு இறங்காமலே "ஏய், வீட்டுக்குப் போடா" என்கிறார். அவர் "யாரைடா வாடா போடாங்குற" என்று திரும்புகிறார். காவலர் இறங்குகிறார், சட்டையைப் பிடிக்கிறார், அவர் கையைத் தட்டிவிடுகிறார், லத்தி இறங்குகிறது. மொத்தம் நாற்பது விநாடி இருக்கும். மறுநாள் எஃப்.ஐ.ஆரில் "பணி செய்ய விடாமல் தடுத்ததால் குறைந்தபட்ச பலம் பிரயோகிக்கப்பட்டது" என்று ஒரு வரி வரும். அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது, அவர் கையைத் தட்டிவிட்டது நிஜம்தான். ஆனால் முதல் வார்த்தை "அண்ணே, கடை மூடியாச்சு, வாங்க ஆட்டோ பிடிச்சுத் தரேன்" என்று இருந்திருந்தால் அந்தக் கை எழுந்தே இருக்காது.

28 வருடம் காக்கி போட்டு எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றவன் நான். பலம் பயன்படுத்தியது சரியா தவறா என்று கோர்ட்டிலும் விசாரணையிலும் கேட்கும்போது எல்லோரும் அடி விழுந்த அந்த ஒரு நொடியைத்தான் பார்க்கிறார்கள். அந்த நொடியில் அடி அவசியமாகத் தெரியலாம். அந்த அவசியம் எங்கே உண்டானது என்று பார்த்தால், பெரும்பாலும் அதற்கு முந்தைய பத்து நிமிடத்தில் நாமே உண்டாக்கியதாக இருக்கும். புதிதாக ஸ்டேஷனுக்குப் போயிருக்கும் தம்பி தங்கைகளுக்காக அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றித்தான் முக்கியமாக எழுதுகிறேன். பொதுமக்களும் படிக்கலாம், உங்களுக்கான பகுதியும் இருக்கிறது.

படி 1: சட்டம் எவ்வளவு தூரம் விடுகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

நான் சர்வீஸில் படித்தது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான சி.ஆர்.பி.சி.யின் 46-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அது புதிய நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இல் 43-ஆம் பிரிவு ஆகிவிட்டது. எண் மாறினாலும் அடிப்படை அதேதான். ஒருவரைக் கைது செய்யும்போது அவர் வார்த்தையாலோ செயலாலோ உடன்பட்டுவிட்டால் தொடக்கூட வேண்டியதில்லை. பலவந்தமாக எதிர்த்தாலோ தப்பிக்கப் பார்த்தாலோ, கைது செய்வதற்குத் தேவையான எல்லா வழியையும் பயன்படுத்தலாம். "எல்லா வழியையும்" என்பதை மட்டும் நம் ஆட்கள் மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். அதற்கு முன்னால் இருக்கிற "தேவையான" என்ற சொல்லில்தான் முழுச் சட்டமும் இருக்கிறது. அதே பிரிவிலேயே ஒரு உச்சவரம்பும் உண்டு: மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றம் சாட்டப்படாத ஒருவரைக் கைது செய்வதற்காகக் கொல்லும் உரிமை யாருக்கும் கிடையாது. செயின் பறித்தவன் ஓடுகிறான் என்பதற்காக முதுகில் சுட முடியாது.

அடுத்து அதே பி.என்.எஸ்.எஸ்.-இன் பிரிவு 46. பிடித்த பிறகு, தப்பிக்காமல் இருக்க எவ்வளவு தேவையோ அதற்கு மேல் கட்டுப்படுத்தக் கூடாது என்கிறது. அதாவது ஆள் கைக்கு வந்ததும் பலத்துக்கான காரணம் முடிந்துபோகிறது. அதற்கப்புறம் விழுகிற ஒவ்வொரு அடியும் தண்டனைதான், தண்டனை கொடுக்கிற வேலையை எந்தச் சட்டமும் நமக்குத் தரவில்லை. நம்மைத் தாக்கினால் தற்காப்பு உரிமை உண்டு, எல்லாக் குடிமக்களுக்கும் இருக்கிற அதே உரிமை. அங்கேயும் பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்.-இன் பிரிவு 37, தற்காத்துக்கொள்ளத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்கிறது. எங்கே திரும்பினாலும் கேள்வி இரண்டுதான்: தேவைப்பட்டதா, தேவைப்பட்ட அளவுதானா.

பெண் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். பெண் காவலர்தான் தொட்டுக் கைது செய்ய வேண்டும். சூரியன் மறைந்த பிறகும் உதிக்கும் முன்பும், தவிர்க்க முடியாத சூழல் தவிர, கைது கூடாது. அப்படிச் செய்தே ஆக வேண்டுமென்றால் பெண் அதிகாரி எழுத்தில் காரணம் சொல்லி மாஜிஸ்திரேட்டின் முன்அனுமதி வாங்க வேண்டும்.

படி 2: கிளம்பும் முன் கேட்க வேண்டியது

கண்ட்ரோல் ரூமிலிருந்து "தகராறு" என்று ஒரு வார்த்தை வந்ததும் வண்டியை எடுத்துவிடாதீர்கள். கையில் ஆயுதம் இருக்கிறதா, குடித்திருக்கிறாரா, மனநல சிகிச்சையில் இருப்பவரா, வீட்டுக்குள் குழந்தை இருக்கிறதா, தகவல் சொன்னது யார், பக்கத்து வீட்டுப் பகையா? இதைக் கேட்க ஒரு நிமிடம் போதும். வழியிலேயே இன்னொன்றையும் முடிவு செய்துகொள்ளுங்கள்: யார் பேசப் போகிறார், யார் சும்மா நிற்கப் போகிறார். மூன்று பேர் இறங்கி மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினால் எதிரே இருப்பவர் எதற்குக் கீழ்ப்படிவார்? ஒருவர் "கையைத் தூக்கு" என்பார், இன்னொருவர் "அசையாதே" என்பார், மூன்றாமவர் "கீழே போடு" என்பார். குழம்பி நிற்பதையே எதிர்ப்பு என்று எடுத்துக்கொண்டு அடித்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

படி 3: தூரம், மறைப்பு, நேரம்

இதுதான் வழிகாட்டியின் நடு முதுகெலும்பு, நிதானமாகப் படியுங்கள்.

தென் மாவட்டங்களில் வேலை பார்த்தவர்களுக்கு அருவாள் புதிதல்ல. அருவாளோடு நிற்பவர் ஏழெட்டு அடி தூரத்தில் இருந்தால், நீங்கள் உறையிலிருந்து துப்பாக்கியை எடுப்பதற்குள் அவர் உங்கள் மேல் இருப்பார். அதனால் "உயிருக்கு ஆபத்து, சுட்டேன்" என்பது அந்த நொடியில் உண்மையாகவே இருக்கும். ஆனால் அந்த ஏழெட்டு அடிக்குள் போனது யார்? ஜீப்பின் மறுபக்கம் நின்றிருந்தால், ஒரு மதில்சுவர் நடுவில் இருந்திருந்தால், கதவைச் சாத்தி வெளியே நின்றிருந்தால் அந்தக் கட்டாயம் வந்திருக்காது. தூரம் கூடினால் யோசிக்க நேரம் கிடைக்கும், நேரம் கிடைத்தால் ஆள் சேரும், அவர் அம்மாவோ தாய்மாமனோ வந்து சேர்வார்கள், போதை இறங்கும், கை வலிக்கும்.

பின்வாங்குவது கோழைத்தனம் என்று நம் டிபார்ட்மென்ட்டில் ஒரு நினைப்பு ஊறிக் கிடக்கிறது. நான் ஏட்டாக இருந்தபோது ஒரு கிராமத்தில் சொத்துத் தகராறு. அண்ணனை வெட்டுவேன் என்று தம்பி மாடிப்படியில் அருவாளோடு நிற்கிறான். எங்கள் இன்ஸ்பெக்டர் எல்லோரையும் தெருமுனைக்கு அனுப்பிவிட்டு எதிர்வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். அந்த வீட்டம்மாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார். முதலில் அவர் கேட்டது "சாப்பிட்டியாப்பா?" பதில் வரவில்லை. கால் மணி நேரம் கழித்து மறுபடி அதையே கேட்டார். "காலையிலிருந்து இல்ல" என்று வந்தது. அப்புறம் ஒன்றரை மணி நேரம் கிணற்றுப் பங்கு, அப்பா கையெழுத்து, தங்கச்சி கல்யாணக் கடன் என்று எல்லாவற்றையும் கேட்டார். நடுவில் ஒரு தடவைகூட "அருவாளைப் போடு" என்று அதட்டவில்லை. கடைசியில் அவனே அதைப் படியில் வைத்துவிட்டு இறங்கினான். வழக்கு உண்டு, கைது உண்டு, ஆனால் ஒரு கீறல் இல்லை. திரும்பி வரும்போது ஜீப்பில் ஒருவர் "இதுக்கா இவ்ளோ நேரம்" என்றார். இன்ஸ்பெக்டர் பதில் சொல்லவில்லை. எனக்கு மட்டும் அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது தெரிந்தது.

நேரத்தை எடுத்துக்கொள்ள முடியாத இடமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் ஏற்கனவே ஒருவரை வெட்டிக்கொண்டிருக்கிறார், குழந்தையின் கழுத்தில் கத்தி இருக்கிறது, கையில் பெட்ரோல் கேனும் தீப்பெட்டியும் இருக்கின்றன என்றால் காத்திருப்பது தவறு. அங்கே சட்டம் உங்கள் பக்கம் தெளிவாக நிற்கிறது, தயங்கக் கூடாது.

படி 4: வாய்

தமிழ்நாட்டில் பாதிச் சண்டை ஒருமையில் கூப்பிடுவதில்தான் ஆரம்பிக்கிறது. பெண்டாட்டி பிள்ளை முன்னால், தெருவே பார்க்கும்போது, "டா" போட்டுவிட்டால் அவர் பின்வாங்க வழியே இல்லை. அடங்கிப்போனால் நாளைக்கு அந்தத் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது என்று அவர் நினைப்பார். அதனால் "நீங்க, வாங்க, சொல்லுங்க". வயதுக்குத் தகுந்தபடி அண்ணே, ஐயா, தம்பி, அம்மா. பெயர் தெரிந்தால் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

குரலைத் தாழ்த்துங்கள், கைகள் தெரிகிற மாதிரி வையுங்கள், லத்தியை ஆட்டாதீர்கள், நேருக்கு நேர் முட்டுவது போல நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில் நில்லுங்கள். அவரைத் தனியாக நகர்த்துவதைவிட வேடிக்கை பார்க்கிற கூட்டத்தையும் செல்போன்களையும் தள்ளி நிறுத்துவது எளிது, பார்க்க ஆள் இல்லாவிட்டால் பாதிச் சூடு தானாக இறங்கும். உத்தரவு போடுவதைவிட இரண்டு வழி காட்டுங்கள்: "இங்கேயே உட்கார்ந்து பேசலாமா, இல்ல அந்த வேப்பமரத்தடிக்குப் போயிரலாமா?" எதைத் தேர்ந்தெடுத்தாலும் அவர் தானாக முடிவெடுத்த மாதிரி இருக்கும். சொல்கிற எச்சரிக்கையும் நிஜமாக இருக்க வேண்டும். "கீழே போடலேன்னா கைது பண்ண வேண்டியிருக்கும்" என்பது எச்சரிக்கை. "தோலை உரிச்சிருவேன்" என்பது மிரட்டல், அதற்கு அவர் மிரட்டலாலேயே பதில் சொல்வார்.

சொல்லவே கூடாதவையும் இருக்கின்றன. அம்மாவையும் பெண்டாட்டியையும் இழுத்துத் திட்டுவது. "என்ன திமிரா" என்பது. எல்லாவற்றையும்விட மோசமானது, "நீ எந்த ஆளுடா", "எந்தத் தெருடா" என்று சாதியைத் துழாவுவது. அந்த ஒரு கேள்வி போதும், ஒரு தனிமனிதத் தகராறு ராத்திரியோடு ராத்திரியாக இரண்டு ஊர்ச் சண்டையாகிவிடும்.

படி 5: எதிரே இருப்பவர் மனநோயில் இருந்தால்

கட்டளைக்குக் கீழ்ப்படியாததை எல்லாம் எதிர்ப்பு என்று எண்ணாதீர்கள். காதில் குரல் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு உங்கள் குரல் பத்தில் ஒன்றுதான். காது கேளாதவராக இருக்கலாம், வலிப்பு வந்து எழுந்தவராக இருக்கலாம், சர்க்கரை இறங்கிய நீரிழிவு நோயாளிகூடக் குடிகாரர் போலத்தான் தள்ளாடுவார்.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 100 தெளிவாக இருக்கிறது. தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில், மனநோய் இருப்பதாக நம்பக் காரணம் உள்ள ஒருவர் திரிவதைப் பார்த்தால் அவரைப் பாதுகாப்பில் எடுப்பது ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியின் கடமை. 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பில் வைக்கவே கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள். பேச ஆலோசனை வேண்டுமானால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், 14416. ஒளியைக் குறையுங்கள், சைரனை நிறுத்துங்கள், ஒரு சின்ன வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்: "நான் அடிக்க வரல. உதவிக்கு வந்திருக்கேன்." அவர் சொல்கிற பிரமையை மறுத்து வாதாடாதீர்கள், ஆமாம் என்றும் சொல்லாதீர்கள். "உங்களுக்குப் பயமா இருக்குன்னு புரியுது" என்பது போதும்.

பிடித்தே ஆக வேண்டிய கட்டம் வந்தால் குப்புறப் போட்டு முதுகிலும் கழுத்திலும் ஏறி உட்காராதீர்கள். 2020 மே 25 அன்று அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தை ஒரு போலீஸ்காரர் 9 நிமிடத்துக்கும் மேல் முழங்காலால் அழுத்தியதை உலகமே பார்த்தது. மூச்சு முட்டுகிறது என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். பேச முடிகிறதென்றால் மூச்சு வருகிறது என்று நினைப்பது தப்பு. கையைக் கட்டியதும் உடனே பக்கவாட்டில் திருப்பி உட்கார வையுங்கள், ஒருவர் அவர் மூச்சை மட்டும் கவனித்துக்கொண்டு இருக்கட்டும்.

படி 6: பலம் தேவைப்பட்டால்

நேரில் நிற்பது, பேச்சு, கையால் பிடிப்பது, லத்தி, கடைசியில் துப்பாக்கி. இதை ஏணி என்பார்கள். ஏறுவதை எல்லோரும் சொல்லித் தருகிறார்கள், இறங்குவதைச் சொல்லித் தருவதில்லை. அவர் அருவாளைப் போட்டுவிட்டால் நீங்களும் அந்த நொடியே இறங்க வேண்டும். லத்தி என்றால் தொடை, கெண்டைக்கால். தலை, கழுத்து, முதுகுத்தண்டு, அடிவயிறு தொடவே கூடாத இடங்கள், தலையில் விழுகிற லத்தி உயிரை எடுக்கிற ஆயுதம்தான்.

விலங்கு விஷயத்தில் பழைய வழக்கத்தை விடுங்கள். வழக்கமாக மாட்டுவது மனிதத்தன்மையற்றது என்று 1980-லேயே பிரேம் சங்கர் சுக்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பி.என்.எஸ்.எஸ். 43(3) இப்போது சில வகைகளுக்கு அனுமதி தருகிறது: தொடர் குற்றவாளி, காவலிலிருந்து தப்பியவர், கொலை, பாலியல் வன்கொடுமை, ஆசிட் வீச்சு, போதைப்பொருள் போன்ற குற்றங்கள். அங்கேயும் குற்றத்தின் தன்மையைப் பார்த்து "மாட்டலாம்" என்றுதான் இருக்கிறது, மாட்டியே ஆக வேண்டும் என்று இல்லை.

என் சொந்தத் தவறு ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். சர்வீஸில் இரண்டாவது வருடம், ஒரு கோயில் திருவிழா பந்தோபஸ்து. கூட்டம் நெருக்கியது. ஒருவர் கையை ஓங்கினார், நான் அடித்தேன். மணிக்கட்டு முறிந்தது. நெரிசலில் சிக்கிய குழந்தையைத் தூக்கத்தான் அவர் கையை உயர்த்தினார் என்று பிறகுதான் தெரிந்தது. யாரும் என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

படி 7: கூட்டம்

பி.என்.எஸ்.எஸ். 148, முன்பு சி.ஆர்.பி.சி. 129. சட்டவிரோதக் கூட்டம், அல்லது அமைதியைக் குலைக்கக்கூடிய ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டவர் கூட்டம். அதைக் கலையச் சொல்ல நிர்வாக மாஜிஸ்திரேட்டுக்கும் ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரிக்கும், அவர் இல்லாவிட்டால் எஸ்.ஐ.க்குக் குறையாதவருக்கும் அதிகாரம். முதலில் உத்தரவு, கலையவில்லை என்றால்தான் பலம். 1979-இல் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் கரம் சிங் வழக்கில் இந்த வரிசையை அப்படியே நிபந்தனைகளாக வகுத்தது. உத்தரவு என்றால் மைக்கில், தமிழில், கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி, மூன்று தடவை. அப்புறம் கலைவதற்கு நேரம், கலைவதற்கு வழி.

அந்த வழி இல்லாவிட்டால் என்ன ஆகும்? 1999 ஜூலை 23, திருநெல்வேலி. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனார்கள். ஒரு பக்கம் ரோடு, மறுபக்கம் தாமிரபரணி. தடியடி தொடங்கியதும் ஜனங்கள் ஆற்றுக்குள் ஓடினார்கள். 17 பேர் செத்தார்கள், அதில் பால்குடி மறக்காத குழந்தையும் ஒன்று. பந்தோபஸ்து ஸ்கெட்ச் போடும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: இவர்கள் எந்தப் பக்கமாக ஓடுவார்கள்? அங்கே ஆறு இருக்கிறதா, முட்டுச்சந்தா, ரயில்வே கேட்டா? மூன்று பக்கமும் அடைத்துவிட்டு "கலைந்து போ" என்பது உத்தரவே இல்லை.

நேரமும் முக்கியம். 2011 ஜூன் 4 நள்ளிரவு தாண்டி டெல்லி ராம்லீலா மைதானத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் கண்ணீர்ப்புகையும் தடியடியும் நடந்தது. 2012 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அதைக் கடுமையாகக் கண்டித்தது. தூங்குகிறவனால் யாருக்கு என்ன உடனடி ஆபத்து? விடியும் வரை காத்திருக்க முடியாத காரணம் என்ன? எந்த நடவடிக்கைக்கு முன்பும் இந்த இரண்டு கேள்வியைக் கேளுங்கள்.

கண்ணீர்ப்புகைக் குண்டை ஆளைப் பார்த்து நேராகச் சுடக் கூடாது, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துச் சாய்வாக விட வேண்டும். பள்ளியோ மருத்துவமனையோ பக்கத்தில் இருந்தால் அதை மறந்துவிடுங்கள். வஜ்ராவும் (கண்ணீர்ப்புகை வண்டி) வருணும் (தண்ணீர் பீய்ச்சும் வண்டி) வெறுமனே நிற்பதே பல நேரம் போதும், ஆனால் காலையிலிருந்தே கூட்டத்தின் முகத்துக்கு நேராக நிறுத்தினால் அதுவே சீண்டலாகும். பக்கத்துத் தெருவில் வையுங்கள். கூட்டத்தில் யார் பேச்சுக்கு மற்றவர்கள் அடங்குவார்கள் என்று கண்டுபிடித்து, முந்தின நாளே போய் டீ குடித்துப் பேசிவிடுங்கள். 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காக லட்சக்கணக்கில் இளைஞர்கள் கூடியபோது, முதல் சில நாட்கள் போலீஸும் அவர்களும் சேர்ந்து போக்குவரத்தைச் சரிசெய்ததையும் குப்பை அள்ளியதையும் நாடே பார்த்தது. 23-ஆம் தேதி காலை வெளியேற்ற இறங்கியதும் அதே நகரத்தில் கல்வீச்சும் தீவைப்பும் தடியடியும். போலீஸும் அதேதான், பையன்களும் அதேதான்.

2018 மே 22 தூத்துக்குடி பற்றி எழுதாமல் இந்தப் பகுதியை முடிக்க முடியாது. ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் 100-வது நாள். துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிர் போனது. ஓய்வு பெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. சுட வேண்டிய அளவுக்குத் தூண்டுதல் இல்லை, தப்பி ஓடியவர்கள் மேல் சுட்டிருக்கிறார்கள், மறைவிடத்திலிருந்து சுட்டிருக்கிறார்கள் என்று அது சொன்னது. 17 போலீஸார் மேல் நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. நாங்கள் படித்த பயிற்சி நூல்களில் துப்பாக்கிச் சூட்டுக்கு வரிசை உண்டு: கடைசி வழியாக மட்டும், எச்சரித்த பிறகு, உத்தரவு பெற்று, கூட்டத்தில் மிகவும் ஆபத்தான பகுதியை நோக்கி, தாழ்வாக, கலையத் தொடங்கிய கணமே நிறுத்தி. முதுகைக் காட்டி ஓடுகிறவர் கலைந்துகொண்டிருப்பவர். அவரைச் சுட்டதற்கு இந்த வரிசையில் எந்த இடத்திலும் இடமில்லை.

படி 8: "என்கவுன்டர்"

1997 மார்ச் 31, டெல்லி கன்னாட் பிளேஸ். ஒரு ரவுடியைத் தேடிக்கொண்டிருந்த குற்றப்பிரிவு போலீஸ், சிக்னலில் நின்ற ஒரு நீலக் காரைச் சுட்டது. உள்ளே இருந்தவர்கள் வியாபாரிகள், இருவர் செத்தார்கள். காருக்குள் இருந்து முதலில் சுட்டார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்ற வாதம் நிற்கவில்லை. 10 போலீஸாரின் தண்டனையை 2011-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆள் யாரென்று உறுதி செய்ய இன்னும் ஐந்து நிமிடம் எடுத்திருந்தால் போதும்.

2019 டிசம்பர் 6 அன்று ஐதராபாத் அருகே பாலியல் கொலை வழக்கில் பிடிபட்ட நான்கு பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது ஜனங்கள் போலீஸ் மேல் பூ தூவினார்கள். நம் ஊரிலும் பட்டாசு வெடித்தவர்கள் உண்டு. உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் 2022-இல் வேறு மாதிரி சொன்னது: கொல்லும் நோக்கத்தோடு வேண்டுமென்றே சுட்டிருக்கிறார்கள், 10 போலீஸார் மேல் கொலை வழக்கு நடத்த வேண்டும். பூ தூவியவர்கள் யாரும் கோர்ட்டுக்கு வந்து உங்கள் பக்கத்தில் நிற்க மாட்டார்கள், தம்பி.

2014-இல் பி.யூ.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 16 வழிகாட்டுதல்களைக் கொடுத்தது. கிடைத்த துப்பை முன்பே எழுத்தில் பதிய வேண்டும். சாவு நேர்ந்தால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம். விசாரணையை சி.ஐ.டி.யோ வேறு ஸ்டேஷன் குழுவோ நடத்த வேண்டும். மாஜிஸ்திரேட் விசாரணை உண்டு. காயம்பட்டவருக்கு உடனே சிகிச்சை, குடும்பத்துக்கு உடனே தகவல், சுட்டவர் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும். சம்பவம் முடிந்த கையோடு பதவி உயர்வோ வீரப் பதக்கமோ கிடையாது.

"முழங்காலுக்குக் கீழே சுட்டுப் பிடித்தோம்" என்கிற செய்திகளை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். காலில் சுடுவதும் உயிரைப் பறிக்கக்கூடிய பலம்தான். தொடை ரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிடத்தில் ஆள் போய்விடுவான். சட்டப்படி அதற்கும் அதே காரணம் வேண்டும்.

படி 9: ஸ்டேஷனுக்குள்

இங்கே தணிப்பு, ஏணி என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆள் உங்கள் கையில் இருக்கிறார், அடிக்க எந்தக் காரணமும் இல்லை. வாக்குமூலம் வாங்கக் காயப்படுத்துவது பி.என்.எஸ். 120-இன்படி தனிக் குற்றம். மாகாணத்தில் சித்திரவதை நடக்கிறதா என்று விசாரிக்க 1850-களிலேயே மதராஸில் ஒரு கமிஷன் போட்டார்கள், 1855-இல் அறிக்கையும் வந்தது. 170 வருடம் கழித்தும் நாம் அதே கேள்வியில் நிற்கிறோம். கையில் மாவுக்கட்டோடு ஒரு போட்டோ, "கழிவறையில் வழுக்கி விழுந்தார்" என்று ஒரு வரி. படிக்கிற ஒருவரும் அதை நம்புவதில்லை, எழுதுகிறவருக்கும் அது தெரியும்.

கைதானவரை எப்படி நடத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன டி.கே. பாசு தீர்ப்பு வந்தது 1996 டிசம்பரில். பெயர்ப்பட்டை தெரிய வேண்டும், கைதுக் குறிப்பில் சாட்சி கையெழுத்து வேண்டும், உறவினருக்குத் தகவல் போக வேண்டும், மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். இவை பெரும்பாலும் இப்போது சட்டத்திலேயே இருக்கின்றன. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். 2020-இல் பரம்வீர் சிங் சைனி வழக்கில் எல்லா ஸ்டேஷனிலும் லாக்கப் உட்பட ஒலியோடு கூடிய சி.சி.டி.வி., 18 மாதம் வரை பதிவைக் காப்பது என்று உத்தரவு வந்தது. கேமரா உங்களையும்தான் காப்பாற்றும், நேர்மையாக நடந்திருந்தால்.

படி 10: எழுதுவது

ஜி.டி.யில் (ஸ்டேஷனின் பொது நாட்குறிப்பில்) "குறைந்தபட்ச பலம்" என்று எழுதுவதை நிறுத்துங்கள். அது முடிவு. எனக்கு வேண்டியது, என்ன நடந்தது என்பது. எத்தனை அடி தூரத்தில் நின்றேன், என்ன சொன்னேன், எத்தனை தடவை சொன்னேன், அவர் என்ன செய்தார், வேறு என்ன வழியை முயன்றேன், எங்கே எத்தனை அடி விழுந்தது, எப்போது நிறுத்தினேன், எத்தனை மணிக்கு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். இதை அன்றைக்கே, மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்காமல், உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். எழுத முடியாத ஒன்றைச் செய்திருந்தீர்கள் என்றால் எழுத உட்காரும்போதே தெரிந்துவிடும்.

பொதுமக்களுக்கு

கைது தவறாகவே இருந்தாலும் ரோட்டில் தள்ளுமுள்ளு வேண்டாம், அது பி.என்.எஸ். 132-இல் தனி வழக்காகும். கை தெரிகிற மாதிரி நில்லுங்கள், "எதுக்காகக் கூப்பிடுறீங்க" என்று கேளுங்கள், காரணம் சொல்வது அவர்கள் கடமை. பெண்கள், 15 வயதுக்குட்பட்டவர்கள், 60 வயதைத் தாண்டியவர்களை சாட்சி விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது, வீட்டுக்குத்தான் வர வேண்டும். அடித்திருந்தால் அரசு மருத்துவரிடம் யார், எதனால், எப்போது என்று சொல்லி விபத்துப் பதிவேட்டில் எழுத வையுங்கள். ஏ.ஆர். காப்பி என்பார்கள், அதைக் கேட்டு வாங்குங்கள். ரிமாண்டுக்குக் கொண்டுபோகும்போது மாஜிஸ்திரேட்டிடம் வாயைத் திறந்து சொல்லுங்கள், சட்டையைக் கழற்றிக் காட்டுங்கள். பயத்தில் அந்த ஒரு நிமிடத்தை விட்டுவிட்டு அப்புறம் வருந்தியவர்கள் நிறைய. மனித உரிமை ஆணையத்துக்குப் புகார் என்றால் ஒரு வருடத்துக்குள்.

படி 11: பக்கத்தில் நிற்பவர்

நிலைமையைத் தணிப்பது என்றால் எதிரே இருப்பவரை மட்டும் என்று நினைத்துக்கொள்கிறோம். பக்கத்தில் நிற்கும் சக காவலருக்கும் ரத்தம் கொதிக்கும். 16 மணி நேரம் பந்தோபஸ்தில் நின்றவர், சாப்பிடாதவர், லீவு கிடைக்காதவர், கல்லடி வாங்கியவர். அவரைத் தோளில் தொட்டு "போதும்ணே, நான் பார்த்துக்கிறேன், நீங்க தண்ணி குடிச்சிட்டு வாங்க" என்று சொல்லப் பழகுங்கள். மேலதிகாரியிடமும் சொல்லலாம், "ஐயா, போதுங்கய்யா" என்று. பணிந்த குரலில் சொன்னாலும் காரியம் நடக்கும். ஸ்டேஷனில் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால் இன்னும் எளிது, யார் சொன்னாலும் மற்றவர் கோபப்படாமல் ஒதுங்க வேண்டும் என்று.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்துக்கு மேல் கடை திறந்து வைத்தார்கள் என்று ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகப்பட்ட தகப்பனும் மகனும் சிறைக்கு அனுப்பப்பட்டு அடுத்தடுத்து இறந்தார்கள். அன்று ராத்திரி ஸ்டேஷனில் எத்தனையோ பேர் இருந்தார்கள். உயர் நீதிமன்ற உத்தரவின்படி விசாரிக்க வந்த மாஜிஸ்திரேட்டிடம், பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர் தான் பார்த்ததைச் சொன்னார். மேஜையிலும் லத்தியிலும் ரத்தக்கறை இருந்ததைச் சொன்னார். வெளியே சக போலீஸ்காரர்கள் நின்றுகொண்டிருக்க, இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான அவர் அதைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.